பெரிதாக்கிக் காட்டியவர்

"பாக்கக் கூடாது சிஸ்டர். ஆனா ஒரு தடவ பாருங்க."

லிஃப்ட் கதவு மூடியதும் அவர் இப்படித்தான் ஆரம்பிப்பார். சிங்கப்பூரில், மார்சிலிங்கில் நாங்கள் குடியிருந்த மாடியில், எங்களுக்கு மூன்று கதவு தள்ளி அவர் வீடு. மூடிய பெட்டிக்குள் அவரும் நானும். எங்கே போய் முகத்தைத் திருப்புவது? கட்டைவிரலை நாக்கில் தொட்டுக்கொண்டு, அந்த ஈரத்தோடு போன் திரையைத் தள்ளுவார். ஒரு நாள் மீன் குழம்பில் மிதந்த கரப்பான் பூச்சி. இன்னொரு நாள் பேருந்து நிறுத்தத்தில் கட்டிப்பிடித்து நின்ற இளம் ஜோடி. எதிர் அடுக்குமாடி புளோக்கில் யாரோ மூங்கில் கழியில் காயப்போட்டிருந்த உள்ளாடைகள்கூட அதில் இருந்தன. படத்தின் மேல் இரண்டு விரல்களை வைத்து அகட்டுவார். கரப்பானின் மீசை திரை முழுக்க வளரும். "சீ!" என்பார். அந்தச் சீயில் ஒரு ருசி இருக்கும். நல்ல மாம்பழத்தைக் கடித்தவர் போடும் சத்தம் மாதிரி.

அவர் வீடு வாங்கி விற்கும் ஏஜன்ட். படம் காட்டுவது அவருடைய தொழில். அடுப்படி, கழிவறை, ஜன்னல் வழியே தெரியும் மரம் என்று ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிக் காட்டி எத்தனையோ குடும்பங்களை வீட்டுக்குள் குடியேற்றியவர். எங்களுக்கும் அவர்தான் அந்த வீட்டைப் பார்த்துக் கொடுத்தார். என் வீட்டுக்காரர் இடுப்புப் பிடித்துக்கொண்டு எழ முடியாமல் கிடந்தபோது, முதுகில் சுமந்து டாக்ஸிவரை கொண்டுபோனவரும் அவர்தான். ரமலான் நோன்புக் காலத்தில் எங்களுக்குப் பேரீச்சம்பழம் வாங்கி வருவார். "உங்க ஆளுங்க ஒழுக்கமான ஆளுங்க சிஸ்டர்" என்று சொல்லிக் கொடுப்பார். அந்தப் பழத்தைச் சாப்பிடவே எனக்கு ஒரு மாதிரியாக இருக்கும்.

ஒழுக்கம் என்பது அவருக்கு எப்போதும் அடுத்தவர்களிடம் தேட வேண்டிய பொருள்.

என் அலுவலகம் அப்போது டோபி காட் பக்கம் இருந்தது. ஒரு தைப்பூசத்தன்று மதியம் சாப்பிட வெளியே வந்தேன். காவடிகள் கோயிலை நெருங்கும் அந்தக் கடைசித் தூரத்தில் அவர் வாளியும் குவளையுமாக நின்றிருந்தார். வெயிலில் காய்ந்த பாதங்களில் தண்ணீர் ஊற்றினார். தள்ளாடிய ஒரு பெரியவரைத் தோளில் சாய்த்து நடத்திப் போனார். சட்டையெல்லாம் நனைந்திருந்தது. எனக்கு மனம் இளகிவிட்டது. இந்த மனிதரைத் தப்பாக நினைத்துவிட்டோமோ என்று யோசித்துக்கொண்டே வேலைக்குத் திரும்பினேன்.

சாயங்காலம் எங்கள் புளோக் வாட்ஸ்அப் குழுவில் அவர் அனுப்பிய படம் வந்தது. பால்குடம் தூக்கிய ஓர் இளம்பெண். குடத்துப் பால் சிந்தி அவள் உடை உடம்போடு ஒட்டியிருந்தது. முகத்தில் பக்தியும் களைப்பும். அந்த ஈரத்தை மட்டும் பெரிதாக்கி வெட்டிப் போட்டு, கீழே எழுதியிருந்தார்: "கோயிலுக்கு வரும் லட்சணமா இது? பெற்றோர்களே, யோசியுங்கள்." பாதங்களுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர்தான், இடையில் குவளையைக் கீழே வைத்துவிட்டு இதை எடுத்திருக்கிறார். அந்தப் பெண்ணின் பாதத்திலும் ஊற்றியிருப்பார், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அவருக்கு ஒரே மகள். என் மகள் ரிஸ்வானாவோடு ஒரே வகுப்பு, உயர்நிலை இரண்டு, பதினான்கு வயது. அந்தப் பெண்ணின் பெயரை நான் எழுதப் போவதில்லை. ஏற்கெனவே போதுமான பேர் அவளை உற்றுப் பார்த்துவிட்டார்கள். ஒல்லியான பெண். அப்பா "சீ" என்று சொல்லும்போதெல்லாம் தோளைக் குறுக்கிக்கொள்வாள். அவர் காட்டுவது யாருடைய படமாக இருந்தாலும் சரி, குறுகுவது அவள்தான்.

அந்த வருடம் பள்ளியில் பாலியல் கல்வி வகுப்பு நடந்தது. வகுப்பாசிரியைதான் எடுத்தார். தமிழும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். வயது முப்பதுக்குள் இருக்கும், சத்தம் போட்டுப் பேசாதவர். பிள்ளைகள் பெயர் போடாமல் கேள்வி எழுதிப் போட வகுப்பில் ஒரு பெட்டி வைத்திருந்தார். தமிழ் வீட்டுப் பிள்ளைகள் அம்மாவிடம் பேச வார்த்தை இல்லாமல் தடுமாறுகிறார்கள் என்று, உடலின் படத்தில் ஒவ்வொரு உறுப்புக்கும் தமிழ்ப் பெயரையும் சேர்த்து எழுதினார். கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் அதே பக்கங்களில் போட்டு, "வீட்டில் பிள்ளைகளோடு சேர்ந்து பாருங்கள்" என்று பெற்றோர் குழுவுக்கு அனுப்பினார்.

உண்மையைச் சொன்னால், அதிலிருந்த எல்லாவற்றிலும் எனக்குச் சம்மதம் இல்லை. ஆணுறை பற்றிய பக்கத்தைப் பார்த்தபோது, இந்த வயதில் இது வேண்டுமா என்று எனக்கும் தோன்றியது. ஆசிரியையை அழைத்துக் கேட்டேன். பொறுமையாக விளக்கினார். பாதி ஏற்றேன், பாதி ஏற்கவில்லை. அதோடு முடிந்தது. பெற்றவர்கள் கேட்க வேண்டிய விதம் அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

அவர் கேட்கவில்லை. காட்டினார்.

"பாருங்க சிஸ்டர், தமிழ்ல எழுதி வச்சிருக்கு! இங்கிலீஷ்ல போட்டிருந்தாகூடப் பரவால்ல லா, டாக்டர் சமாச்சாரம்னு விட்டுடலாம். தமிழ்ல போடுறாளே, நம்ம பாஷைய நாறடிக்கிறாளே!" லிஃப்டுக்குள் அந்தப் படத்தை விரலால் அகட்டினார். அது புத்தகத்தில் இருக்கும் சாதாரணக் கோட்டுப் படம். உள்ளே இருப்பதைக் குறுக்கே வெட்டிக் காட்டுவது. அவர் விரல் பட்ட இடத்தில் அது வேறு ஏதோ ஆகிவிட்டது. எண்ணெய்ப் பிசுக்கோடு அந்த விரல் அதே இடத்தில் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது.

படத்துக்குக் கீழே ஒரு கேள்வி இருந்தது. "ரத்தம் நிற்காமல் வந்துகொண்டே இருந்தால், நான் ஏதோ தவறு செய்துவிட்டேன் என்று அர்த்தமா?"

"இது ஒரு சின்னப் பிள்ள கேக்குற கேள்வியா?" என்றார். "என்னத்தப் பண்ணிட்டு வந்து கேக்குதோ. கலைச்சிருக்கும் சிஸ்டர். வேற என்ன? இந்த மாதிரிப் பிள்ளைங்க பக்கத்துலதான் நம்ம பிள்ளைங்க உக்காந்திருக்கு."

"உடம்பு சரியில்லாத பிள்ளையா இருக்கலாம்ல அண்ணே?"

"நீங்க வெள்ளந்தி சிஸ்டர்."

அவர் மகள் பக்கத்தில் பையை அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள். லிஃப்ட் நின்றதும் முதலில் இறங்கி நடந்தாள்.

அந்தக் கேள்வி இருந்த பக்கம் எங்கெல்லாம் போகவில்லை! சிராங்கூன் சாலை முடிதிருத்தும் கடையில் காட்டினார். காய்கறிக் கடையில் வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தவர்களிடம் காட்டினார். வீடு பார்க்க வந்தவர்களுக்கு, அடுப்படிப் படத்துக்கும் படுக்கையறைப் படத்துக்கும் நடுவில் அதைக் காட்டியிருக்கிறார். பார்த்தவர்கள் எல்லோரும் "அடப்பாவமே" என்றார்கள். ஆனால் யாரும் போனைத் திருப்பிக் கொடுக்க அவசரப்படவில்லை.

சத்தம் பெரிதானதும் பள்ளியில் தமிழ்ப் பெற்றோரை ஒரு வகுப்பறைக்கு அழைத்துப் பேசினார்கள். நானும் போனேன். பிள்ளைகளின் சின்ன நாற்காலிகளில் பெரிய மனிதர்கள் பிதுங்கி உட்கார்ந்திருந்தோம். ஆசிரியை முன்னால் நின்றார். இவர் முதல் வரிசையில் எழுந்தார்.

"டீச்சர், நீங்க எழுதினத நீங்களே எங்க முன்னால வாசிச்சுக் காட்டுங்க. ஆம்பளைங்க இருக்கோம். முடியுதான்னு பாப்போம்."

ஆசிரியை அவரை ஒரு கணம் பார்த்தார். பிறகு தாளைப் பார்க்காமலே சொன்னார்: "கருப்பை. சினைப்பை. யோனி. மாதவிடாய். இதுல எந்தச் சொல் புரியலன்னு சொல்லுங்க சார், விளக்குறேன்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். இவர் முகம் சிவந்தது. "உங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சா?"

"இல்ல சார்."

"அதானே" என்றார். இப்போது சிரிப்பு பலமாக வந்தது. பெண்களும் சிரித்தார்கள். நான் எழுந்து, "அவங்க கல்யாணத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டேன். "உக்காருங்க சிஸ்டர், நம்ம பிள்ளைங்களுக்காகத்தான் பேசுறேன்" என்று கையமர்த்திவிட்டு அவர் மறுபடி ஆசிரியையிடம் திரும்பினார்.

"அந்தக் கேள்விய எழுதினது எந்தப் பிள்ள? அத மட்டும் சொல்லிடுங்க. பேரன்ட்ஸுக்குத் தெரிஞ்சுக்க உரிமை இருக்கு."

"தெரியாது சார். தெரிஞ்சாலும் சொல்ல மாட்டேன்." அதுவரை நிதானமாக இருந்த அவர் குரல் அப்போதுதான் கம்மியது. "அந்தப் பிள்ள என்கிட்ட வரும்னு தினமும் காத்துக்கிட்டு இருக்கேன். டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும். நீங்க இப்பிடிப் பேசுனா அது எப்பிடி சார் வரும்?"

அடுத்த வாரம் ஆசிரியையை அந்த வகுப்பிலிருந்து மாற்றினார்கள். பெட்டியை எடுத்துவிட்டார்கள். சந்தேகம் இருந்தால் வீட்டில் பெற்றோரிடம் கேளுங்கள் என்று பிள்ளைகளுக்குச் சொன்னார்களாம். எங்கள் ஏஜன்ட் அதைக் கொண்டாடத் தன் வீட்டு வாசலில் நின்று போகிற வருகிறவர்களுக்கெல்லாம் பாதாம் பால் கொடுத்தார். எனக்கும் நீட்டினார். வேண்டாம் என்றேன். வயிறு சரியில்லையா என்று அக்கறையாகக் கேட்டார்.

பிறகு ஒரு சனிக்கிழமை. பிள்ளைகள் இருவரும் எங்கள் வீட்டில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் குடிக்க அடுப்படிக்கு வந்த அவர் மகள், கையிலிருந்த குவளையோடு அப்படியே சரிந்தாள். ஓடிப் போய்த் தூக்கினேன். எடையே இல்லை. உதடு காகிதம் போல வெளுத்திருந்தது. கை சில்லென்று இருந்தது. ரிஸ்வானா போய் அவள் அம்மாவைக் கூட்டி வந்தாள். ஆம்புலன்ஸுக்குச் சொன்னோம். அவள் அப்பா செம்பவாங்கில் யாருக்கோ வீடு காட்டப் போயிருந்தார். போனை எடுக்கவில்லை.

மருத்துவமனையில் ஓர் இளம் பெண் டாக்டர் திரையை இழுத்துவிட்டுக் கேட்டார், எவ்வளவு நாளாக ரத்தம் போகிறது என்று. பள்ளி விடுமுறைக்கு முன்னாலிருந்து என்றாள் பெண். நடுவில் ஓரிரு நாள் நிற்கும், மறுபடி வரும். பள்ளிச் சீருடைக்குள் துண்டுத் துணி மடித்து வைத்துக்கொண்டு போயிருக்கிறாள்.

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லலயேம்மா?" என்று அவள் அம்மா அழுதார்.

"சொன்னா அப்பா காதுல விழும்மா."

ரத்தம் ஏற்றினார்கள். உறைவதில் ஏதோ குறை, பிறவியிலேயே இருப்பது, மாத்திரையில் கட்டுப்படுத்தலாம், முன்னாலேயே வந்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது என்றார் டாக்டர். குழாய் வழியே ரத்தம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே அந்தப் பெண் என்னிடம் சொன்னாள்:

"அந்தக் கேள்வி என்னோடது ஆன்ட்டி."

ஊசி ஏறாத அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அப்பா எல்லார்கிட்டயும் காட்டும்போது நான் பக்கத்துலதான் நின்னேன். கலைச்ச பிள்ளன்னு சொல்வாரு. அப்பிடின்னா என்னன்னு எனக்குச் சரியாத் தெரியாது. கேக்க ஆள் இல்ல. எனக்கே தெரியாம நான் ஏதோ பண்ணிட்டேன் போலன்னு நெனச்சேன்."

அவள் அம்மா கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அவர்கிட்ட நான் சொல்றேன்" என்றார். அந்த அம்மாள் ஒரு முடிவோடு பேசி நான் கேட்டது அதுவே முதல் தடவை.

அவள் அப்பா வந்தபோது நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். ஓடி வந்தார், மூச்சு வாங்கியது. கண் கலங்கியிருந்தது. மகள் மேல் அவருக்குப் பாசம் இல்லை என்று சொல்ல மாட்டேன். உள்ளே போனார். வெளியே வந்தபோது முகம் தொங்கியிருந்தது. என்னைப் பார்க்காமல் தண்ணீர் வாங்கப் போனார். தெரிந்துவிட்டது, இனி அந்தப் போன் அடங்கும் என்று எண்ணினேன். அன்றைக்கு அவர் மேல் எனக்குப் பரிதாபம்கூட வந்தது.

சில வாரங்கள் கழித்து லிட்டில் இந்தியாவில் மளிகை வாங்கிவிட்டு ஒரு சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தேன். மூலை மேசையில் அவர். எதிரே எனக்குத் தெரியாத இரண்டு ஆண்கள். இலையில் பிரியாணி. இடது கையில் போன். அதே பக்கம். "இதக் கேட்ட பிள்ள என்ன பண்ணியிருக்கும்னு நெனைக்கிறீங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். எதிரில் இருந்தவன் சோற்றை மென்றபடியே எட்டிப் பார்த்தான்.

நான் போய் மேசை ஓரம் நின்றேன். "அண்ணே, கொஞ்சம் வெளிய வாங்க."

நடைபாதைக்கு வந்தார். எலும்பைக் கடித்த வாயைத் துடைத்துக்கொண்டார்.

"அது யாரு கேட்டதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் சிஸ்டர். அவ அம்மா ஆஸ்பத்திரியிலயே சொல்லிட்டா."

என் கையிலிருந்த மளிகைப் பையைக் கீழே வைத்துவிட்டேன். "தெரிஞ்சுமா காட்டுறீங்க?"

குரலைத் தாழ்த்தினார். வீடு வாங்கப் போகிறவரிடம் ஒரு ரகசியக் குறையைச் சொல்லும் குரல். "இத்தன நாள் காட்டிட்டு இப்ப திடீர்னு நிறுத்துனா ஏன் நிறுத்திட்டேன்னு கேப்பாங்கல்ல? பேச்சு எங்க வந்து நிக்கும்? என் வீட்டு வாசல்லதான் வந்து நிக்கும். பிள்ளைய நான் காப்பாத்துறேன் சிஸ்டர். நீங்க யார்கிட்டயும் சொல்லலயே?"

அவர் முகத்தைப் பார்த்தேன். பொய் சொல்லவில்லை. மகளைக் காப்பாற்றுவதாக அவர் உண்மையிலேயே நம்பினார். தன் மகளின் ரத்தத்தைக் கண்டவனுக்கெல்லாம் காட்டி, அவளைக் கருக்கலைத்தவள் என்று சொல்லி, அப்படியாக அவளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். கடைக்குள் போய் உரக்கச் சொல்லிவிடலாமா என்று ஒரு வெறி வந்தது. சொன்னால் நாறுவது அவர் இல்லை, அந்தப் பெண். நான் வாயைத் திறக்க மாட்டேன் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. என் மனசாட்சியையும் தனக்குச் சாதகமாகக் கணக்குப் போட்டு வைத்திருந்தார். "ஒரு டீ சொல்லவா?" என்று கேட்டார். நான் நடந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் மளிகைப் பையை அங்கேயே விட்டுவிட்டது நினைவுக்கு வந்தது. சாயங்காலம் அது எங்கள் கதவுப் பிடியில் தொங்கியது. அவர்தான் மாட்டியிருந்தார். அந்த அரிசியைச் சமைக்க மனம் வராமல் கீழ்வீட்டுக்குக் கொடுத்தேன்.

அந்தத் தீபாவளிக்கு அவர் மகள் நேரில் வந்து அழைத்தாள். "நீங்களும் ரிஸ்வானாவும் கட்டாயம் வரணும் ஆன்ட்டி." அவளுக்காகப் போனேன். மதியச் சாப்பாடு. கூடத்தில் அவருடைய உறவினர்கள், தொழில் நண்பர்கள், பக்கத்து வீட்டு மலாய்க் குடும்பம். பெண்ணின் முகத்தில் கொஞ்சம் நிறம் திரும்பியிருந்தது. பட்டுப் பாவாடை கட்டியிருந்தாள். முறுக்குத் தட்டோடு ஒவ்வொருவராகக் கேட்டு வந்தாள்.

சோபாவில் அவர் ஒரு புது விருந்தினருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பேச்சு பள்ளிகளைப் பற்றித் திரும்பியது. பள்ளிப் பேச்சு எடுத்தால் அவர் கை தானாகச் சட்டைப்பைக்குப் போகும். போனது. திரையைத் தள்ளினார். அகட்டினார்.

மகள் தட்டை மேசையில் வைத்தாள். குனிந்து, அப்பாவின் கையிலிருந்து போனைச் சாதாரணமாக வாங்கினாள், நேரம் பார்க்க வாங்குவது போல.

"இத எழுதினது நான்தான் அங்கிள்" என்றாள்.

அவர் சிரிக்க முயன்றார். "விளையாடுறா. சின்னப் பிள்ள..."

"விளையாடல. எனக்கு ரத்தம் நிக்கல. ரொம்பப் பயமா இருந்துச்சு. டீச்சர் பதில் எழுதியிருந்தாங்க. அத அப்பா காட்ட மாட்டாரு." திரையைத் தன் பக்கம் திருப்பி, படத்தைச் சுருக்கி, கீழே தள்ளி வாசித்தாள். தமிழ் வகுப்பில் வாசிப்பது போலத் தெளிவாக: "இல்லை. நீ எந்தத் தவறும் செய்யவில்லை. இது உடம்பில் ஏற்படும் கோளாறு, மருந்து இருக்கிறது. அம்மாவிடம் சொல். முடியாவிட்டால் என்னிடம் வா, நான் உன்னுடன் வருகிறேன்."

வாசித்துவிட்டுப் போனை முறுக்குத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அந்தப் பக்கங்கள் எனக்கும்தான் வந்திருந்தன. படித்துவிட்டு எப்போதோ அழித்துவிட்டேன். அவர் அகட்டிக் காட்டியவர்களில் ஒருவர்கூட அந்தப் பதிலைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

புது விருந்தினர் தொண்டையைக் கனைத்தார். வயதானவர். என்ன சொல்லப் போகிறாரோ என்று நான் பயந்தேன். "இப்ப உடம்பு எப்பிடிம்மா இருக்கு?" என்று கேட்டார்.

"மாத்திர சாப்பிடுறேன் அங்கிள். இப்ப பரவால்ல."

"நேரத்துக்குச் சாப்பிடணும்."

"சரி அங்கிள்."

அவ்வளவுதான். ஆனால் அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. ஒருவர் பின் ஒருவராகக் கிளம்பினார்கள். பிள்ளைகள் இருவரும் கீழே விளையாட்டுத் திடலுக்குப் போனார்கள். நான் எச்சில் தட்டுகளைச் சேர்த்துக்கொண்டிருந்தேன். அவர் சோபாவை விட்டு எழவே இல்லை.

"ஏன் சிஸ்டர்," என்றார். குரலில் நிஜமான வருத்தம். "இவ்ளோ பேர் முன்னாடி இப்பிடிச் செய்யணுமா? அன்னைக்கே அவ என்கிட்ட வந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? நான் அவ அப்பன்தானே?"

அடுப்படி வாசலில் அவர் மனைவி ஈரக் கையோடு நின்றிருந்தார்.

"சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?" என்று கேட்டார்.

அவர் யோசித்தார். கோபப்படவில்லை, நடிக்கவும் இல்லை, நிஜமாகவே யோசித்தார். அவர் கண்கள் கூடத்தில் எதையோ தேடின. நானும் அவர் மனைவியும் காத்திருந்தோம். ஒரு தகப்பன் சொல்லக்கூடிய ஏதாவது ஒரு வாக்கியம் அவருக்குக் கிடைத்துவிடும் என்று, அத்தனை அருவருப்புக்கு நடுவிலும் நான் எதிர்பார்த்தேன். கிடைக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவர் மனைவி என் கையிலிருந்த தட்டுகளை வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டார்.